பையைப் பிடிக்க ஆளில்லாமல் பாங்காக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முறை தனியாகப் பாங்காக் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆறேழு நாள். பாதி ஊர் சுற்றல், பாதி கடைவீதி. திரும்பி வந்தால் அலுவலகத்தில், பக்கத்து வீட்டில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அதே கேள்விகள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். விலைகள் தாய்லாந்து பாத்தில். ஒரு பாத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் கையைக் கடிக்காது.

தனியாவா? பயமா இல்லையாக்கா?

இரவு ஒன்பது மணிக்கு அங்கே ஸ்கைட்ரெயினில் (மேம்பால ரயில்) ஏறிப் பாருங்கள். வேலை முடிந்து, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகும் பெண்கள்தான் பாதிப் பேர். கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வது, தெரியாத ஆள் காட்டும் சந்துக்குள் போகாமல் இருப்பது என்று திருச்சியில் பார்க்கும் ஜாக்கிரதையை அங்கேயும் பார்த்தால் போதும். அவசரமென்றால் 1155, சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம்.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. முதல் பயணத்தில், சாட்டுசாக் சந்தையில் இரண்டு கையிலும் சேர்த்து ஐந்து பை. கழிவறைக்குப் போக வேண்டும். கூட ஒருத்தர் இருந்தால் "இதைக் கொஞ்சம் பிடி" என்று கொடுத்துவிட்டுப் போகலாம். தனியாகப் போனவள் என்ன செய்வாள்? ஐந்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஈரத் தரையில் வைக்க மனசில்லை, கதவில் கொக்கி இல்லை. இரண்டைக் கழுத்தில் மாட்டி, ஒன்றைப் பல்லில் கவ்வி... மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து என் பயணத் திட்டம் மொத்தமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: பையை யார் பிடிப்பது?

விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 நவம்பரில் விசா விலக்கு கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கினார்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் போடும் முன் தாய்லாந்து தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையும் டிஜிட்டல் ஆகிவிட்டது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. காசு கேட்கும் தளத்தில் இருந்தால் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. அதோடு 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்கள் புத்தாண்டு. தெருவில் போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் தண்ணீர் அடிப்பார்கள். விளையாடப் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம், துணிப் பையோடு போகிறவர்களுக்குத் திண்டாட்டம். எந்த மாதமானாலும் ஒரு சனி, ஞாயிறு நடுவில் வர வேண்டும். காரணம், சனி ஞாயிறுச் சந்தையான சாட்டுசாக்.

எங்கே தங்குவது?

கடைக்காகப் போகிறீர்கள் என்றால் பிரதுநாம் பக்கம். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் ராட்சபராரோப் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து பிரதுநாம் துணிக்கடைகள் நடக்கிற தூரம். அடுத்த நிலையம் பயா தாய், கடைசி நிறுத்தம். அதுவரைக்கும் 45 பாத்துதான். பயா தாயில் ஸ்கைட்ரெயினுக்கு மாறிக்கொள்ளலாம்.

காவோசான் ரோடு மலிவு என்பார்கள். மலிவுதான். ஆனால் பக்கத்தில் ரயில் இல்லை, ராத்திரி சத்தம். முக்கியமாக, மதியம் அறைக்குப் போய்ச் சாமானை வைத்துவிட்டுத் திரும்ப அது தோதான இடமில்லை. தனியாகப் போகிறவருக்கு ஓட்டல் அறைதான் பையைப் பிடிக்கும் ஆள். அந்த ஆள் கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது?

முதல் மூன்று நாள் கோயில், அரண்மனை, ஆறு. வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்து, முதல் நாளே பெட்டியை நிரப்பிவிட்டு மீதி நாளெல்லாம் அதைக் கட்டி மேய்க்கிறார்கள். ஒரு நாளுக்குள்ளும் அதே கணக்குதான்: காலையில் பார்க்கிறது, வெயில் ஏறியதும் ஏசிக் கடை. அரண்மனை 8.30க்குத் திறந்து 3.30க்கு டிக்கெட்டை நிறுத்திவிடும். பெரும்பாலான மால்கள் ராத்திரி பத்து வரை இருக்கும்.

அரண்மனைக்கு 500 பாத் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1782இல் முதலாம் ராமர் என்ற மன்னர் கட்டத் தொடங்கியது. டிக்கெட்டில் மரகத புத்தர் கோயிலும் சேர்ந்திருக்கிறது. சிலை 66 சென்டிமீட்டர்தான்; அத்தனை உயரப் பீடத்தில் சின்னதாகத் தெரியும். பெயர்தான் மரகதம், உண்மையில் வேறொரு பச்சைக் கல். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு அங்கியை மன்னரே மாற்றுவார்.

கூட்டம் சிலைக்கு முன்னால்தான் நிற்கும். நீங்கள் சுற்றுப் பிராகாரத்துக்குப் போங்கள். சுவர் முழுக்க ராமகியென், அவர்கள் ராமாயணம், 178 படங்களாக. நாம் பிராகாரம் சுற்றுகிற மாதிரியே வலமாகச் சுற்ற வேண்டும். அவர்கள் ராவணன் பெயர் தொசகன், பத்துக் கழுத்துக்காரன். அனுமன் வெள்ளை வெளேர் என்றிருக்கிறான், பிரம்மச்சாரியும் இல்லை. பாலம் கட்டப் போட்ட கல்லை ராவணனின் மகளான மீன்கன்னி எடுத்துக்கொண்டு போக, அதைத் தடுக்கப் போனவன் அவளிடமே மயங்கிவிடுகிறான். தூணடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். கையில் பை இல்லாததால் முடிந்தது.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் சுடிதார் போதும். உடலைப் பிடிக்கும் லெகிங்ஸை மட்டும் தவிருங்கள்.

"இன்னைக்கு அரண்மனை மூடியிருக்கு" என்று ஒருவர் சொன்னால்?

சிரித்துவிட்டு நடங்கள். டிக்கெட் கவுண்டர் வரை போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். அரண்மனை மதிலோரம் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர். "இன்று புத்த விசேஷம், மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை மூன்று கோயில் பார்த்து வாருங்கள், டுக்டுக் ஆட்டோ 40 பாத்" என்றார். ஒரு கோயில் காட்டினார்கள். இரண்டாவது கோயிலுக்குப் பதில் ஒரு நகைக் கல் கடை. நீலக்கல்லை வெல்வெட் துணியில் வைத்து, ஊருக்குக் கொண்டுபோனால் மூன்று மடங்குக்கு விற்கலாம் என்றாள் கடைப் பெண். அது நிஜமென்றால் அவளே விற்றிருப்பாளே என்று அப்போது தோன்றியது நல்ல காலம். நாற்பது நிமிடம் போச்சு, காசு போகவில்லை. அத்தனை மலிவாக ஒரு டுக்டுக் ஊரெல்லாம் சுற்றுகிறதென்றால் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

வாட் போ, வாட் அருண் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

தாராளமாக. வாட் என்றால் கோயில். அரண்மனையிலிருந்து வாட் போ நடந்து போகலாம். சயன புத்தர் 46 மீட்டர் நீளம். நம் ஊர்ப் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துப் பழகியவர்கள் முகத்தைவிடப் பாதத்தைப் பாருங்கள். உள்ளங்கால் முழுக்க முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். பின்னால் 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவார்கள். அந்த ணங், ணங் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

தா தியென் படித்துறையிலிருந்து 5 பாத் படகில் ஆற்றைத் தாண்டினால் வாட் அருண். கோபுரம் முழுக்கப் பூவாக ஒட்டியிருப்பது சீனப் பீங்கான் துண்டுகள். சீனக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்ததை வீணாக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள், எங்கே இறங்கினாலும் 16 பாத். சாத்தோர்ன் படித்துறையில் இறங்கினால் ஸ்கைட்ரெயின் தலைக்கு மேலேயே.

சாட்டுசாக் சந்தையை எப்படிச் சமாளிப்பது?

முழுவதும் பார்க்க நினைக்காமல் இருப்பதுதான் சமாளிப்பது. 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கில் கடைகள். சனி, ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். மோ சிட் ஸ்கைட்ரெயின் நிலையம், அல்லது நேராகச் சந்தைக்குள்ளேயே ஏறும் காம்பெங் பெட் சுரங்க ரயில் நிலையம். நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. வழி தவறினால் அதைத் தேடுங்கள்.

பிடித்ததைப் பார்த்தவுடன் வாங்கிவிடுங்கள். "ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரேன்" என்று சொன்னால் அந்தக் கடையை இந்த ஜென்மத்தில் மறுபடி கண்டுபிடிக்க மாட்டீர்கள். வாங்க மனசில்லையென்றால் கடை எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். கனமானதைக் கடைசியில் வாங்குங்கள். பீங்கான் கிண்ணங்களைக் காலை பத்து மணிக்கு வாங்கிய புத்திசாலி நான்தான்.

முதுகில் ஒரு காலிப் பை மாட்டிக்கொண்டு போங்கள். கை இரண்டும் விடுதலை. தேங்காய் ஐஸ்கிரீமை இளநீர்ச் சிரட்டையில் வைத்து, மேலே வேர்க்கடலை தூவித் தருவார்கள். அதைச் சாப்பிடவும் இரண்டு கை வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். பேரம் பேசிக்கொண்டிருந்தவர், காசு எண்ணிக்கொண்டிருந்தவர் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள். பாட்டு முடிந்ததும் விட்ட விலையிலிருந்து பேரம் தொடரும்.

பிரதுநாமில் துணி மலிவு என்கிறார்களே, சைஸ் கிடைக்குமா?

இதுதான் பெண்கள் அதிகம் கேட்பது. அங்குள்ள பிளாட்டினம் மாலில் ஒன்று வாங்கினால் ஒரு விலை, ஒரே கடையில் கலந்து மூன்று எடுத்தால் மொத்த விலை. ஒன்று 250 என்றால் மூன்றாக எடுக்கும்போது ஒவ்வொன்றும் 200 என்கிற மாதிரி. போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். "ஃப்ரீ சைஸ்" என்று தொங்குவதெல்லாம் ஒல்லியானவர்களுக்கு மட்டும் ஃப்ரீ. நம் ஊரில் எல் போடுகிறவர் அங்கே எக்ஸ்எல்லுக்கு மேல் தேட வேண்டியிருக்கும்.

நான் செய்வது இதுதான். வீட்டில் எனக்குச் சரியாக உட்காரும் ஒரு குர்த்தியைத் தரையில் விரித்து, மார்பு, தோள், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து போனில் எழுதிக்கொள்வேன். அங்கேயும் மார்பளவை அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். "ஒக்" என்றால் மார்பு. "ஒக் 40" என்று சொன்னால் கடைக்காரப் பெண் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்துத் துணியின் குறுக்கே வைத்துக் காட்டிவிடுவாள். கூட நின்று "நல்லாருக்கு, எடு" என்று சொல்ல ஆளில்லாத குறையை அந்த டேப் ஓரளவு தீர்க்கிறது.

யானைப் படம் போட்ட தொளதொள பேண்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்கு சைஸ் கவலையே இல்லை.

பேரத்துக்குத் தாய்லாந்து மொழி தெரிய வேண்டுமா?

கால்குலேட்டர் போதும். அவர்கள் ஒரு எண் அடிப்பார்கள், நீங்கள் ஒரு எண் அடிப்பீர்கள். ஆனாலும் "தாவ் ராய் கா?" (எவ்வளவு), "லோட் தாய் மை கா?" (குறைக்க முடியுமா) என்று கேட்டால் முகம் மலர்கிறது. பெண்கள் முடிவில் "கா" சேர்ப்பது மரியாதை, ஆண்களுக்கு "க்ரப்". நம் ஊர் மாதிரி பாதி விலையில் ஆரம்பிக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பேரம். குரலை உயர்த்தினால் காரியம் கெட்டுவிடும்.

சம்பெங் போகலாமா?

கல்யாணம், சீர், தாம்பூலப் பை என்று மொத்தமாக வாங்குகிறவர்கள் போகலாம். சைனா டவுனில் உள்ள ஒடுக்கமான சந்து. ரிப்பன், மணி, ஹேர் கிளிப் எல்லாம் டஜன் கணக்கில். தள்ளுவண்டிக்காரர் பின்னால் குரல் கொடுத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதே சந்தில் நேராக நடந்தால் பாஹுரட். பட்டு, ஜரிகை, சேலைக் கடைகள், தங்கக் கூம்பு வைத்த சீக்கியர் குருத்வாரா. அங்கே நம் ஆட்கள் சேலை வாங்குவதைப் பார்த்தேன். காஞ்சிபுரம் இருக்கிற ஊரிலிருந்து போய் பாஹுரட்டில் சேலை எடுப்பது எனக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து பாக் க்ளோங் தலாட் பூச்சந்தை நடக்கிற தூரம்தான், இரவில் போங்கள். மல்லிகை மொட்டை ஊசியில் கோத்து, நுனியில் ரோஜா குஞ்சம் கட்டிச் சின்ன வளைய மாலை செய்கிறார்கள். சாமிக்கும் கார்க் கண்ணாடிக்கும்தான் அது. தலையில் வைக்கும் பழக்கம் இல்லை. நான் வாங்கிக் கொண்டையில் சுற்றியதும், கட்டிக்கொடுத்த பாட்டி பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள்.

தங்கம் வாங்கலாமா?

யாவராட் தெருவில் சிவப்பு அடித்த தங்கக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தாய்லாந்துத் தங்கம் 96.5 சதவீதம், நம் 22 காரட் 91.6. அங்கே "பாத்" என்பது காசு மட்டுமல்ல, எடையும்தான். நகைக்கு ஒரு பாத் 15.16 கிராம், நமக்கு ஏறக்குறைய 1.9 பவுன். இந்தக் குழப்பத்தில் "ஒரு பாத் செயின்" என்பதை ஒரு பவுன் என்று நினைத்து விலை கேட்டு மிரண்டவர்கள் உண்டு. வேடிக்கை பார்க்க நல்ல தெரு. வாங்க வேண்டாம் என்பேன். இந்தியச் சுங்கத்தின் நகைச் சலுகை வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கித் திரும்புகிறவர்களுக்கு; ஒரு வாரம் போய் வரும் நமக்கு அது இல்லை.

படகில் போவது பத்திரமா? தமிழ் சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா?

இரண்டு கேள்விக்கும் ஒரே வழியில் பதில். பிரதுநாமில் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறி, மேற்கே கடைசி நிறுத்தமான பான்ஃபாவில் இறங்குங்கள். 20 பாத்துக்குள். படகு முழுசாக நிற்காது. கயிற்றைப் பிடித்துத் தாவ வேண்டும், அதனால் கையில் பையோடு ஏறவே ஏறாதீர்கள். கண்டக்டர்கள் தலையில் ஹெல்மெட்டோடு, படகின் வெளி விளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுக்கிறார்கள். பாலம் வந்தால் குனிந்துகொள்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் தெறித்தால் ஓரத்தில் இருப்பவர் நீலத் திரையைக் கயிறு இழுத்துத் தூக்க வேண்டும். அது எழுதப்படாத சட்டம்.

இறங்கியதும் தங்கமலைக் கோயில். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வாட் சுதாட் முன்னால் 21 மீட்டர் உயரத்தில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள்: ராட்சத ஊஞ்சல். ஊஞ்சல் பலகை இப்போது இல்லை. ஒருகாலத்தில் இளைஞர்கள் ஆடி உயர்ந்து, கம்பத்தில் கட்டிய காசு முடிச்சைப் பல்லால் கவ்வுவார்களாம், 1930களில் நிறுத்திவிட்டார்கள். அந்தத் திருவிழாவின் பெயர் திரியம்பாவாய். ஆம், நம் திருவெம்பாவைதான். பக்கத்திலேயே இருக்கும் தேவஸ்தான் கோயிலில், அரண்மனை பிராமணர்கள் அதன் பாடல்களை, ஒலி திரிந்து போன வடிவில், இன்றும் ஓதுகிறார்கள். மார்கழியில் விடியற்காலை மைக்கில் கேட்டு வளர்ந்த பாட்டு, துணி வாங்கப் போன ஊரில் இப்படி எதிரே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. ஊர்க்காரர்கள் "வாட் கேக்" என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே தேங்காய், பழத் தட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் தாய்லாந்துக்காரர்களே. விஜயதசமி ராத்திரி சாலையை மறித்து ஊர்வலம் போகும்.

நான் சுத்த சைவம். பட்டினியா?

இல்லை, ஆனால் மீன் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும். வெறும் காய் பொரியல் என்று தோன்றுவதிலும், பப்பாளிக்காய் சாலட்டிலும். மஞ்சள் கொடியில் சிவப்பாக "ஜே" என்று தாய்லாந்து எழுத்து போட்ட கடையைத் தேடுங்கள். பதினேழு என்ற எண் மாதிரி இருக்கும். அங்கே மீன் சாஸ் மட்டுமல்ல, பூண்டுகூடக் கிடையாது. மற்ற இடத்தில் "மை சை நாம் ப்ளா" (மீன் சாஸ் போடாதே). மாரியம்மன் கோயில் பக்கம் தோசை, இட்லி கிடைக்கும். ஒன்றும் சரிப்படாவிட்டால் தேங்காய்ப் பாலில் ஊறிய சோறும் மாம்பழமும். அவர்கள் மாம்பழத்தை "மாமுவாங்" என்பார்கள், காதுக்கு அந்நியமாகவே இல்லை.

வரி திரும்பக் கிடைக்குமாமே?

7 சதவீத வரியில் ஒரு பகுதி. ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாத்துக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட் காட்டிப் படிவம் வாங்கியிருக்க வேண்டும். சந்தைக் கடைகளில் கிடையாது, மால்களில்தான். விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே சுங்க முத்திரை தேவையா என்று கேட்டு வாங்குங்கள்; பணம் குடியேற்றச் சோதனை தாண்டியபின். சின்னத் தொகைக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் கட்சி.

கொண்டுவரக் கூடாதது?

புத்தர் சிலையை நாட்டை விட்டு எடுத்துப் போக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். வரவேற்பறை அலங்காரமாக வாங்குவதை அவர்கள் விரும்புவதும் இல்லை. துரியன் பழத்தை ஓட்டலுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

பெட்டி எடை?

இதில்தான் எனக்கு அடி. இரண்டாவது பயணத்தில் 4 கிலோ கூடுதல். கவுண்டரில் கேட்ட கட்டணம், அந்த 4 கிலோவில் இருந்த துணியின் விலையைத் தாண்டியது. தரையில் பெட்டியைத் திறந்து, ஒரு ஜீன்ஸ் மேல் இன்னொரு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, பீங்கான் கிண்ணங்களைக் கைப்பைக்கு மாற்றினேன். பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு தாய்லாந்து அம்மாள் கிண்ணத்தைச் சுற்றப் பழைய செய்தித்தாள் கொடுத்தார். இப்போது கையடக்கத் தராசு ஒன்று பெட்டியிலேயே இருக்கிறது. கூடுதல் எடை வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், கவுண்டரில் கேட்பதைவிட நிச்சயம் குறைவு.

அடுத்த முறையும் தனியாகத்தானா?

நாத்தனார் வருகிறேன் என்கிறாள். அவள் பையையும் நான்தான் பிடிக்க வேண்டியிருக்கும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.